தேதியில்லாத கணக்கு: தரவுத்தளம் கட்டும் தங்கைக்கு



பினாங்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு சிறு கம்பெனியின் ஆர்டர், சரக்கு, பில், வசூல் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கொண்டுவரும் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸா, மைஎஸ்கியூஎல்லா என்று உன் வயதினர் நாள்கணக்கில் வாதிடுவார்கள். எதை எடுத்தாலும் உன் வேலை நடக்கும். எனக்குக் கவலை தருவது அதற்கு முந்திய ஒரு காரியம். நீ வரையும் ஒவ்வோர் அட்டவணையும், 'இது இப்படியேதான் இருக்கும்' என்று கம்பெனியின் சார்பில் நீ கொடுக்கும் வாக்கு. எதற்கு அந்த வாக்கைக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று முடிவுசெய்வதுதான் வடிவமைப்பின் பெரும்பகுதி. மாறாது என்று எல்லாரும் நம்பிய எத்தனை விஷயங்கள் மலேசியாவில் 35 ஆண்டுகளுக்குள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால், அந்த வாக்கைச் சிக்கனமாகக் கொடுக்கக் கற்றுக்கொள்வாய்.

ஆள் அடையாளத்திலிருந்து தொடங்குகிறேன். தொழிலாளர் அட்டவணைக்கு முதன்மைச் சாவியாக அடையாள அட்டை எண்ணை வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஒருவருக்கு ஒன்று, ஆயுள் முழுக்க அதுவே. ஆனால் இன்றைய 12 இலக்க எண் 1990இல் வந்தது. அதற்கு முன்பு அட்டை வாங்கியவர்களிடம் வேறோர் எண் இருந்தது. பழைய எண்ணுக்கு ஒரு கட்டம், புதிய எண்ணுக்கு ஒரு கட்டம் என்று இரண்டு கேட்ட பாரங்கள் அதன்பிறகு பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. பட்டறையில் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்து வேலை செய்பவருக்கு அந்த எண்ணே கிடையாது. அவரிடம் இருப்பது கடப்பிதழ் எண்; கடப்பிதழைப் புதுப்பித்தால் அதுவும் மாறிவிடும். சாவி மாறினால் சம்பளம், வருகை, விடுப்பு என்று அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அட்டவணைகள் அத்தனையும் ஆட்டம் காணும். இன்னொன்றும் உண்டு. அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதி, பிறந்த இடத்தின் குறியீடு, ஆணா பெண்ணா என்பது எல்லாம் அடங்கியிருக்கின்றன. அதைச் சாவியாக்கி ஒவ்வோர் அட்டவணையிலும் பரப்புவது, ஒரு மனிதரின் அந்தரங்கத்தைக் கம்பெனி முழுக்க நகலெடுத்து ஒட்டுவதற்குச் சமம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது அநாகரிகம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஆகவே எந்த அர்த்தமும் இல்லாத ஓர் எண்ணைத் தரவுத்தளமே உண்டாக்கட்டும், அது சாவி. அடையாள அட்டை எண் ஒரு விவரமாக ஒரே இடத்தில், இரண்டு பேருக்கு வராதபடி காவலுடன் இருக்கட்டும்.

கம்பெனிகளுக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர் அட்டவணையில், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஆணையமான எஸ்எஸ்எம் தரும் பதிவெண்ணைச் சாவியாக வைத்தவர்களுக்கு 2019 அக்டோபர் 11ஆம் தேதி பதில் வந்தது. அன்றிலிருந்து பதிவெண் 12 இலக்கமானது: நான்கு இலக்கம் ஆண்டு, இரண்டு இலக்கம் நிறுவன வகை, ஆறு இலக்கம் வரிசை எண். ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கும் புதிய எண் தரப்பட்டது. எண்ணும் ஓர் எழுத்துமாக இருந்த பழையது அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. அதே ஆண்டில்தான் உங்கள் வட்டாரத்துச் செபராங் பிறை நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமானது. வெளியார் கொடுக்கும் எண்ணும் பெயரும் அவர்கள் வசதிக்கு மாறும். அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. உன் அட்டவணை அவற்றின்மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு நாட்டு மாதிரிகளைப் பார்த்து 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பத்திகள் வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கிவிடுகிறார்கள். நம்மவர் பெயரில் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? அட்டையில் 'ஏ/எல்' என்றோ 'ஏ/பி' என்றோ போட்டு அப்பா பெயர் வரும். அதைக் குடும்பப்பெயராக எடுத்தால், அப்பாவின் பெயரைச் சொல்லி மகளை அழைத்துக் கடிதம் போகும். மலாய்க்காரர் பெயரில் 'பின்', 'பிந்தி'. சீனர் பெயரில் குலப்பெயர் முன்னால் நிற்கும். அட்டையில் உள்ளபடியே முழுப்பெயருக்கு ஒரு நீளமான பத்தி, எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு பத்தி, இது போதும். சாய்கோட்டைத் தடைசெய்யாதே. ஒருவருடைய பெயரை அவர் எழுதும்படியே எழுதுவது ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் காப்பதோ கெடுப்பதோ உன் பத்தியின் அளவில் இருக்கிறது.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன், விலையும் வரியும். 1970இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் எட்கர் காட் உறவுசார் மாதிரியை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த இயல்பாக்கம் என்ற ஒழுங்கைப் பாடமாகப் படித்திருப்பாய்: ஓர் உண்மைக்கு ஓர் இடம். வாடிக்கையாளர் முகவரியைப் பத்து பில்லில் பத்து தடவை எழுதினால் ஒருநாள் ஒன்பது ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் நிற்கும். இது சரிதான். ஆனால் இந்தப் பாடத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர்கள், விலை ஏற்கெனவே பொருள் அட்டவணையில் இருப்பதால் பில்லில் அதை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் விலை ஏறுகிறது. போன வருடத்துப் பில்லைத் திரும்ப அச்சடித்தால் புது விலை வருகிறது. இங்கே நடந்த தவறு என்ன என்று பொறுமையாகப் பார். இன்றைய விலை ஓர் உண்மை. மார்ச் 3ஆம் தேதி இந்த வாடிக்கையாளருக்கு இந்த விலைக்கு விற்றோம் என்பது வேறோர் உண்மை. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. முதலாவது மாறும், இரண்டாவது நடந்து முடிந்தது, இனி எவராலும் மாற்ற முடியாதது. பில்லில் விலையை எழுதுவது இயல்பாக்கத்தை மீறுவதாகாது. இரண்டாம் உண்மைக்கு உரிய இடத்தைக் கொடுப்பதாகும்.

வரி இதைவிடக் கடுமையான ஆசிரியர். 2015 ஏப்ரல் 1 முதல் பொருள் சேவை வரி 6 விழுக்காடு. 2018 ஜூன் 1 முதல் அதே வரி பூஜ்யம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது ஒழிந்து, அதன் இடத்தில் விற்பனை வரி, சேவை வரி என்று இரண்டு வந்தன. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு ஆனது. சில சேவைகளுக்கு மட்டும் 6 தொடர்ந்தது. நிரலுக்குள் எங்கோ 6 என்று எழுதி வைத்தவர் ஒவ்வொரு தடவையும் ராத்திரி கண்விழித்துத் தேடியிருப்பார். தேடி மாற்றியதும் பழைய பில்களும் சேர்ந்து மாறியிருக்கும். வரிக்குத் தனி அட்டவணை வை: எந்த வகை, எத்தனை விழுக்காடு, எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. புதிய விகிதம் வந்தால் ஒரு புதிய நிரை சேரும். பழைய நிரையை யாரும் தொட வேண்டியதில்லை. 2018 மே மாதம் விற்ற சரக்கைப் பற்றி அக்டோபரில் தகராறு வந்தாலும், அன்று என்ன வரி போட்டோம் என்று பில்லே பேசும்.

பணத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் எண்வகையைப் பயன்படுத்து. மிதவை எண்ணில் பத்து சென்னும் இருபது சென்னும் சேர்ந்தால் சரியாக முப்பது சென் வராது. இரண்டாவது, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. பொருளுக்குப் பொருள் அதைச் செய்துவிடாதே. மொத்தத்தில் ஒரு தடவை செய்து, கூடிய அல்லது குறைந்த இரண்டொரு சென்னைத் தனிப் பத்தியில் காட்டு. அதைக் காட்டாவிட்டால் மாதக் கடைசியில் நாலு சென் இடிக்கிறது என்று கணக்காளர் உட்கார்ந்து தேடுவார்.

பட்டறையின் காகித ஓட்டத்தையும் நேரில் பார். ஒரு பிஓ (கொள்முதல் ஆணை) வருகிறது, ஐந்நூறு பாகம். முந்நூறு இந்த வாரம் ஒரு டிஓவில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) போகிறது, மீதி அடுத்த வாரம் இன்னொன்றில். மாத முடிவில் இரண்டு டிஓக்களையும் சேர்த்து ஓர் இன்வாய்ஸ். வாடிக்கையாளர் ஒரே தொகையில் இரண்டு இன்வாய்ஸை முழுதாகவும் மூன்றாவதைப் பாதியாகவும் கட்டுகிறார். இன்வாய்ஸ் அட்டவணையில் 'பணம் வந்ததா, ஆம், இல்லை' என்று ஒரு பத்தி வைத்தால் இந்த மூன்றாவது இன்வாய்ஸுக்கு என்ன எழுதுவாய்? வந்த பணம் ஓர் அட்டவணை, இன்வாய்ஸ் ஓர் அட்டவணை, எந்தப் பணத்தில் எவ்வளவு எந்த இன்வாய்ஸுக்குப் போனது என்பது மூன்றாவது அட்டவணை. பாக்கி எவ்வளவு என்பதை எழுதி வைக்காதே, கூட்டிக் கழித்து எடு. கையிருப்பும் அப்படித்தான்: வந்தது, போனது, கழிந்தது என்று நிரை நிரையாக இருந்தால் இருப்பு தானாகத் தெரியும். இருப்பை மட்டும் ஒரே எண்ணாக வைத்தால், குறையும்போது எப்படிக் குறைந்தது என்று கேட்க ஆளிருக்காது.

இதில் எதுவும் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜார்ஜ் டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகளில் நாள்வழி எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். நாள்வழியில் நடந்தது நடந்தபடி ஏறும். பேரேடு அதிலிருந்து பிறக்கும். ஐந்தொகை பேரேட்டிலிருந்து பிறக்கும். தவறாக எழுதியதைச் சுரண்டி அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வதுதான் கணக்கு முறை. இன்றைக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியலும் அதையே கேட்கிறது. 2024 ஆகஸ்ட் 1இல் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாகச் சிறிய கம்பெனிகளுக்கும் வந்த முறை அது. வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டியலை 72 மணி நேரத்துக்குள் ரத்துசெய்யலாம். அதன்பின் பற்றுக்குறிப்பு, வரவுக்குறிப்பு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய நிரையின்மேல் புதிய எண்ணை எழுதிவிடும் தரவுத்தளம் இந்த விதிக்கு முன்னால் நிற்கவே முடியாது.

சின்னப் பட்டறைக்கு இவ்வளவு எதற்கு, எக்செல் போதாதா என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. எக்செல் கணக்குப் போட நல்ல கருவி; பத்திரமாக வைக்க நல்ல பெட்டி அல்ல. 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவரின் அடையாள அட்டை எண் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும், ஒரு வார்த்தை சொல்லாமல். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவத்தில் கோவிட் முடிவுகளைத் திரட்டியபோது, கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் தாங்காமல் 15,841 தொற்றுகள் அறிக்கையில் ஏறாமல் போயின. ஒரு நாட்டின் அரசுக்கே நேர்ந்தது இது. கோப்பு மறுக்கவில்லை, அதுதான் குற்றம். தரவுத்தளத்தின் பெரிய குணம் மறுப்பதுதான்: இல்லாத வாடிக்கையாளருக்குப் பில் போடாதே, இரண்டு பில்லுக்கு ஒரே எண் கொடுக்காதே என்று அது தடுக்கும். அந்தத் தடைகளைத் திரையில் மட்டும் வைக்காமல் அட்டவணையிலேயே அயல் சாவியாகவும் கட்டுப்பாடாகவும் எழுது. திரைகள் மாறும், பின்வாசல் வழியாகவும் தரவு நுழையும்.

கடையில் வாங்கும் கணக்கு மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். வாங்கட்டும், பேரேட்டை நீ புதிதாக எழுத வேண்டாம். எந்த அச்சில், எந்த இயந்திரத்தில், எத்தனை கழிவோடு அந்தப் பாகம் பிறந்தது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது; அதுதான் உன் வேலை. அட்டவணைகளைப் பிரித்தால் வேகம் குறையும் என்று உன் நண்பர்கள் சொல்லலாம். ஒரு நாளைக்கு 200 பில், ஆண்டுக்கு 300 நாள், பத்து ஆண்டு என்று கணக்குப் போடு: 6 லட்சம் பில்கள். ஒரு சாதாரணக் கணினியில் சரியான குறியீட்டு அட்டவணையுடன் இருந்தால் இது ஒரு சுமையே இல்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வரலாறு வைத்தால் அட்டவணை பெருத்து, யாருக்கும் புரியாத காடாகிவிடும். உண்மைதான், அந்தக் காட்டில் தொலைந்த திட்டங்கள் உண்டு. வாடிக்கையாளரின் பழைய தொலைபேசி எண்ணை யாரும் கேட்கப் போவதில்லை; அதன்மேல் புதியதை எழுது, குற்றமில்லை. எதற்கு வரலாறு வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது? வருமான வரிச் சட்டம் வணிக ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அந்த ஏழாம் ஆண்டின் கடைசியில் ஒருவர் வந்து, 'அன்றைக்கு இது என்னவாக இருந்தது?' என்று எதைக் கேட்க முடியுமோ அதற்குத் தேதி வேண்டும். விலை, வரி, கடன் வரம்பு, சம்பள விகிதம், வரைபடத்தின் எந்தத் திருத்தம் என்பது, இவற்றைக் கேட்பார்கள். மீதியை விட்டுவிடு.

அட்டவணைகளின் படம் வரைய உட்காருமுன் ஸ்டோரில் இருப்பவரிடம் போ. பயன்படுத்தி முடித்த டிஓ புத்தகங்களில் நாலைந்தை எடுத்துத் தரச் சொல். அச்சடித்த கட்டங்களைப் பார்க்காதே. அவற்றைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பதைப் படி: '20 குறைவு', 'லோரி மாற்றம்', 'பழைய வரைபடம், பேசிக்கொள்ளவும்', அடித்துவிட்டுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து. ஒவ்வொன்றையும் எழுதியவரிடம் என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள். உன் முதல் அட்டவணைக்கு வேண்டிய பத்திகள் அந்த ஓரங்களில் இருக்கின்றன.

அன்புடன்,
உன் அண்ணன்