குழாய்த் தண்ணீரும் பிள்ளைகளின் பல்லும்

தாய்மார்களே, போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகனுக்கு நாலு வயசு. மேல் வரிசை முன்பல் நாலும் கறுத்து, கரைந்து, வேர்தான் மிச்சம். ராத்திரி முழுக்க அழுகிறான்.

"அண்ணே, இங்க தண்ணியில மருந்து போடறாங்களாம். அதான் பல்லு போச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றாள். அதை நம்பி ஒரு வருசமாகப் போத்தல் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறாள்.

விஷயம் நேர்மாறு. அந்த மருந்தின் பெயர் ஃபுளோரைடு. வாயில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பு அமிலத்தை விடுகின்றன. அது பல்லின் மேல்தோடான எனாமலை அரிக்கிறது. அரித்ததை எச்சில் மெல்லச் சீர்ப்படுத்தும். அதில் துளி ஃபுளோரைடு கலந்திருந்தால் அந்த இடம் முன்னைவிட உறுதியாகிறது.

சிங்கப்பூரில் 1950-களிலேயே நாடு முழுமைக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆசியாவில் அதுதான் முதல். 1957 முதல் 1968 வரை 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில், நிலைப்பல் சொத்தை நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. வெளிவந்த கணக்கு சீன, மலாய்ப் பிள்ளைகளுடையது. பல்லுக்கு ஏது இனம்?

ஆனால் அளவு முக்கியம். முதலில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் போட்டார்கள். பற்பசையிலும் ஃபுளோரைடு வந்தபின் சில பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. 1992-ல் 0.6 ஆக்கினார்கள், பிறகு 0.5. தமிழ்நாட்டில் தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் இயற்கையாகவே இது மிதமிஞ்சி இருந்து, பல் பழுப்பேறி எலும்பும் கெட்டது. அங்கே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு 1.5 மில்லிகிராம்.

நம் தோட்டங்களில் ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் குடிக்கிற லயங்களுக்கு இப்படி அளந்து போட ஆள் இல்லை. ஆகவே குழாய்த் தண்ணீர் கேட்டுச் சங்கத்தில் பேசும்போது, வயிற்றுப்போக்கோடு பல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடாது. பயமில்லாமல் காய்ச்சிக் குடிக்கலாம்.

சரி, மருமகன் பல் ஏன் போனது? தூங்கும்போது வாயில் டின்பால் போத்தல்! தூக்கத்தில் எச்சில் குறைவு. சீனி விடியவிடியப் பல்லிலேயே நிற்கும். அதை எந்தக் குழாய்த் தண்ணீரும் முழுக்கத் தடுக்காது. போத்தல் தண்ணீரால் இருந்த கொஞ்சப் பாதுகாப்பும் போயிற்று.

பல் டாக்டர் நாலையும் எடுத்துவிட்டார். இப்போது பட்டாணி அளவு பற்பசை வைத்து, தங்கச்சியே தேய்த்துத் துப்ப வைக்கிறாள். சின்னவளுக்குப் படுக்கப் போகுமுன் தண்ணீர்தான், குழாயில் பிடித்துக் காய்ச்சி ஆறவைத்தது.