ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பா, பெயிண்டா?

செஞ்சி, வல்லம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுவர்கள் நன்றாகவே குடிக்கின்றன. 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்த ஈரம் காயுமுன்பே பொங்கல் வந்துவிடும். நாமும் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதில் தவறே இல்லை. ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். எமல்ஷன் பெயிண்ட் அப்படி விடாது. உள்ளே சிக்கிய நீர் சுவரின் உப்பையும் இழுத்துவந்து பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். எமல்ஷன்தான் வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி வெயில்வரை பொறுங்கள்.

எதைப் பூசுவது என்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பட்டையாக நிறம் மாறி, விளிம்பில் உப்பு பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து இறங்கும் கறை என்றால் மொட்டை மாடி. குளியலறைக்கு மறுபுறம் மட்டும் என்றால் குழாய், டைல்ஸ் இடுக்கு. பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளி என்றால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான். குழப்பமாக இருந்தால் ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள். வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றில்.

ஓதத்துக்குக் கடையில் முதலில் எடுத்துத் தருவது உட்சுவரில் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. நான் அதற்குச் செலவழிக்க மாட்டேன். அடைத்த இடத்துக்கு மேலே ஏறி நீர் வேறு வழி தேடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடானால், பின்னால் பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசுவதே பொருத்தம். மேலே சுண்ணாம்பு அடித்தால் அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சட்டையில் ஒட்டும், அடிக்கடி அடிக்க வேண்டும், அது உண்மைதான். பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அடித்தால் நிற்காது.

சிமென்ட் வீட்டில், சுவரடியில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் செலுத்தும் முறை இருக்கிறது. செலவு அதிகம், கை தேர்ந்த ஆள் வேண்டும். அதற்கு முன் வெளியே வந்து பாருங்கள். சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிருக்கும். சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் விலகி ஓட வாட்டம் கொடுத்தாலே பாதி ஓதம் குறையலாம்.

மாடிக்கு வெள்ளைக் கோட்டிங் மலிவு. சில ஆண்டுகளில் மறுபடி அடிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டுத் தட்டோடு பதித்த தளம் நெடுநாள் உழைக்கும், ஆனால் கனம். கட்டடம் தாங்குமா என்று பொறியாளரைக் கேளுங்கள். எதைச் செய்தாலும் முதலில் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை அள்ளுங்கள்.

பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் காயவிடுங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா தொல்லை கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் இந்த வேலை அவருக்கு வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் அதோடு கழிப்பறை ஆசிட்டை மட்டும் கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.