பழைய ஃபோர்டு ஃபோகஸ் வாங்கும் முன்...

அமெரிக்காவில் 2012 முதல் 2016 வரை வந்த ஃபோர்டு ஃபோகஸ், பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். மலிவுக்கு முக்கியக் காரணம் அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆயிலில் நனையாத இரட்டைக் கிளட்ச் அதில் இருக்கிறது. அது மக்கர் செய்தால் வண்டி உதறும். ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். அங்கே குறை தெரியாது. எஞ்சின் சூடான பிறகு, சிக்னல் நிறைந்த தெருவில் பிரேக்கை விட்டு மெல்ல ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது குலுங்கினால், பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். மேனுவல் கியர் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஓட்டுநர் பக்கம், 17 இலக்க அடையாள எண் இருக்கும். அதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டால், முடிக்கப்படாத ரீகால் தெரிந்துவிடும். 2018-இல் பெட்ரோல் ஆவி வால்வுக்காக இந்த ஃபோகஸ்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும் டீலரிடம் அந்த வேலை இலவசம்தான்.

உரிமைப் பத்திரத்தில் ‘சால்வேஜ்’ (பெரும் சேதமடைந்த வண்டி) என்றிருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சின் பக்கம் ஓர் ஆறுதல்: 2.0 லிட்டர் எஞ்சினில் இருப்பது டைமிங் செயின். பெல்ட் மாற்றும் செலவு மிச்சம்.