எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து கிலோவாட் மணி வரை



துணியை மீட்டரிலும், ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தைக் கிலோமீட்டரிலும் அளக்கிறோம். அளக்கும் பொருளுக்கேற்ப அலகும் மாறுகிறது. ஆற்றலும் அவ்வாறே. அதன் பொது அலகு ஜூல். 100 கிராம் நிறையுள்ள பொருளை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய ஒரு ஜூல் ஆற்றல் தேவை. ஆனால் அணுவுக்குள் நிகழ்வதை அளக்க ஜூல் மிகப் பெரியது. வீட்டு மின்சாரத்தை அளக்கவோ மிகச் சிறியது. எனவே வேறு அலகுகளும் வழக்கில் உள்ளன.

1 எலெக்ட்ரான் வோல்ட் = 1.6 × 10⁻¹⁹ ஜூல்
1 எர்க் = 10⁻⁷ ஜூல்
1 கலோரி = 4.18 ஜூல்
1 கிலோவாட் மணி (மின் கட்டணத்தில் ஒரு யூனிட்) = 3.6 × 10⁶ ஜூல்
1 டன் டி.என்.டி. வெடிமருந்து = 4.18 × 10⁹ ஜூல்

எந்த அலகை எந்த அலகாக மாற்றுவதானாலும் முதலில் ஜூலாக மாற்றிக்கொள்வதே எளிய வழி. எண்களைத் தனியாகவும், பத்தின் அடுக்குகளைத் தனியாகவும் கணக்கிட வேண்டும். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். வகுக்கும்போது கழிக்க வேண்டும்.

இதற்கு ஓர் உண்மைக் கணக்கைப் பார்ப்போம். லீஸ் மைட்னர் என்ற பெண் விஞ்ஞானி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதனால் 1938 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தப்பிச் சுவீடன் சென்றார். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது பேரியம் கிடைத்ததாக, அவருடன் முன்பு ஆராய்ச்சி செய்த ஓட்டோ ஹான் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்துகொண்டே மைட்னர் இதற்கு விடை தேடினார். யுரேனிய உட்கரு இரண்டாகப் பிளக்கிறது. அப்போது ஒரு புரோட்டான் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலாகிறது. அந்த ஆற்றல் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் என்று கணக்கிட்டார்.

20 கோடி என்றதும் மலைக்கிறோம் அல்லவா? ஜூலாக மாற்றுவோம்:

2 × 10⁸ × 1.6 × 10⁻¹⁹ = 3.2 × 10⁻¹¹ ஜூல்.

100 கிராம் பொருளைத் தூக்கினோமே, அந்த ஆற்றலில் இது 3,000 கோடியில் ஒரு பங்குதான்!

ஆனால் ஒரு கிலோ யுரேனியம்-235 இல் 2.56 × 10²⁴ அணுக்கள் உள்ளன. அவை அனைத்தும் பிளந்தால்,

2.56 × 10²⁴ × 3.2 × 10⁻¹¹ = 8.2 × 10¹³ ஜூல்.

இதை 3.6 × 10⁶ ஆல் வகுத்தால் சுமார் 2 கோடியே 30 லட்சம் யூனிட் வெப்பம் கிடைக்கும். அணுமின் நிலையத்தில் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும்.

இதே கணக்குக்குத் துயரமான பக்கமும் உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டின் ஆற்றல் சுமார் 15,000 டன் டி.என்.டி. அதாவது 6.3 × 10¹³ ஜூல். மேலே கண்ட விடையுடன் ஒப்பிடுங்கள். ஒரு நகரை அழிக்க, ஒரு கிலோவுக்கும் குறைவான யுரேனியம் பிளந்ததே போதுமானதாயிற்று! அணுகுண்டுப் பணிக்கு அழைக்கப்பட்டபோது மைட்னர் மறுத்துவிட்டார். 1997இல் 109ஆம் தனிமத்துக்கு அவர் நினைவாக மைட்னேரியம் என்று பெயரிடப்பட்டது.

தோழியரே, பத்தின் தலைமேல் நிற்கும் சிற்றெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அணுவும் ஒரு நகரத்தின் வாழ்வும் தாழ்வும் அதற்குள் அடங்கியுள்ளன. கணக்கை அறிவது அறிவு. அதை நன்மைக்கே பயன்படுத்துவது பண்பு.

— பத்தாம் வகுப்பு மாணவி