நடுவில் ஒரு பல்

ஆறு, ஏழு வயதில் பாற்பல் விழுந்ததும் அதைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்காதவர் நம் ஊரில் குறைவு. கேட்ட பல் பெரும்பாலும் வந்துவிடும். மிகச் சிலருக்கு மட்டும், இரண்டு பற்கள் முளைக்க வேண்டிய இடத்தில் ஒன்றே முளைக்கும். அதுவும் மூக்குக்கு நேர்கீழே, முகத்தின் நடுக்கோட்டில்.

ஒரு முன்பல் விழுந்து மற்றது தனித்து நிற்பது வேறு. அந்தப் பல் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாகவே இருக்கும். இங்கு நான் சொல்வது பாற்பல்லும் ஒன்று, நிலையான பல்லும் ஒன்று என வருவது. ஏறத்தாழ 50,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. கண்ணாடி முன் நின்று மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். உதட்டை முரசுடன் இணைக்கும் மெல்லிய மடிப்பொன்று தெரியும். இவர்களுக்கு அது பெரும்பாலும் இராது. அண்ணமும் ஒடுங்கியிருக்கும்.

கருவின் 35 முதல் 38ஆம் நாள் வரையிலான காலத்தில் முகத்தின் நடுப்பகுதி சரியாக வளராமையே காரணம். சிலரிடம் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற பரம்பரையலகில் மாற்றம் காணப்பட்டுள்ளது. (ஆம், வீடியோ விளையாட்டில் ஓடும் அந்த முள்ளெலியின் பெயரேதான். விஞ்ஞானிகளும் விளையாடுவார்கள் போலும்!) அதே நடுப்பகுதியிலிருந்தே மூக்குத் துவாரமும் உருவாகிறது. அது ஒடுங்கினால் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறும். வளர்ச்சி ஓமோன் குறைந்து சிலர் குள்ளமாகவும் இருப்பர். எனவே ‘ஒற்றைப் பல்’ என்று சிரித்துவிட்டு விடக்கூடாது; பிள்ளையின் உயரத்தையும் மூச்சையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மேற்றாடை வளர்ச்சி பற்றி உலகம் அறிந்துகொண்டதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிளந்த உதடும் அண்ணமும் உடையோருக்குக் குழந்தையிலேயே சத்திரசிகிச்சை செய்யும் மேலைநாடுகளில், அவர்களுள் பலருக்கு மேற்றாடை பின்தங்கி முகம் உட்குழிந்துவிடும். குறை பிளவிலா, கத்தியிலா என்று தெரியவில்லை. 1980களில் லண்டனிலிருந்து வந்த மைக்கல் மார்ஸ் குழுவினர், சத்திரசிகிச்சையே பெறாமல் வளர்ந்தவர்களை இலங்கையின் தெற்கே காலிப் பகுதியில் ஆராய்ந்தனர். 1990இல் வெளியான ஆய்வின்படி, அவர்களது மேற்றாடை முன்னோக்கி வளரும் ஆற்றலை இழந்திருக்கவில்லை. சிகிச்சையின் தழும்பே வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கிறது என்ற கருத்து அதனால் வலுத்தது.

அப்படியானால் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? கூடாது. அதே திட்டத்தில் வயது சென்றபின் அண்ணம் மூடப்பட்டவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை. தாடைக்காகக் காத்திருந்தால் நாவு தவறிவிடுகிறது.

கிரகண நேரத்தில் உம்மா வெளியே வந்ததால் உதடு பிளந்தது என்பார்கள். உதடு பொருந்துவது ஏழாம் வாரத்துக்குள். தாய்க்கே தான் கர்ப்பிணி என்பது உறுதியாகத் தெரியாத நாட்கள் அவை. அவளைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

ஒற்றைப் பல்லைக் கம்பி போட்டு ஒரு பக்கம் நகர்த்தி, மறுபக்கத்தில் செயற்கைப் பல் வைக்கலாம். எலும்பில் பதிக்கும் பல்லுக்குத் தாடை வளர்ந்து முடியும்வரை பொறுக்க வேண்டும். புளியங்குளத்திலிருந்து ஏ9 வீதியில் பஸ் ஏறினால் வவுனியா வைத்தியசாலை. அங்கிருந்து தேவையானால் பேராதனைப் பல் வைத்திய பீடத்துக்கு அனுப்புவார்கள். எட்டு வயதாகியும் முன்பற்கள் இரண்டும் வராத பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக்கிலேயே காட்டிவிடுங்கள்.