பழைய லேப்டாப்புக்கு இரட்டை பூட் வேண்டாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு எல்காட் மூலம் வாங்கி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று பீரோ மேல் கிடக்கும். இல்லாவிட்டால் நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸிலோ, பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறைக் கணக்கு மேஜையிலோ அதே வயதுள்ள ஒரு சிபியு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று பலரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த விஷயம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் சரிவரவில்லை என்று கைவிட்டவர்களில் பலர் உண்மையில் கைவிட்டது லினக்ஸை அல்ல, ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்லோடரை. பூட்லோடர் கெடுவதற்குப் பெரிய காரணம், ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைக்கும் இரட்டை பூட் ஏற்பாடு. ஆதரவு இல்லாத பழைய இயந்திரத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அரசு லேப்டாப்பே இதற்குச் சாட்சி. அதில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் ஏனோதானோ என்று செய்த சரக்கு அல்ல. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழிலும் இயங்கக்கூடியது. அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியிருந்தது. ஆக, அரசிடம் விருப்பமும் இருந்தது, அனுபவமும் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே டிஸ்க்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சினிமாவுக்கும் பாட்டுக்கும் இடம் போதவில்லை என்று மாணவர் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறப்பார். டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் சும்மா கிடப்பதுபோல் தெரியும் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து டி டிரைவோடு சேர்த்துவிடுவார். அப்போதைக்கு எல்லாம் ஒழுங்காகவே ஓடும். அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் கறுப்புத் திரையில் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற சொல்லும், பக்கத்தில் சிமிட்டிக்கொண்டே நிற்கும் ஒரு சின்னக் கோடும் வரும்.

அங்கே நடந்தது இதுதான். பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டார் மொத்தமே 512 பைட். அதில் பூட்லோடருக்கு ஒதுக்கியது 446 பைட். லினக்ஸின் பூட்லோடரான க்ரப் முழுதாக அந்த இடத்துக்குள் அடங்காது. ஆகவே முதல் துணுக்கு மட்டும் அங்கே இருக்கும். அடுத்த துண்டு, முதல் பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன்னால் உள்ள காலி இடத்தில் இருக்கும். மெனுவும் மற்ற மாட்யூல்களும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தவர் க்ரப்பின் உடலை அழித்துவிட்டுத் தலையை விட்டுவைத்திருக்கிறார். அந்தத் தலை ஒவ்வொரு முறையும் விழித்து, உடலைத் தேடி, காணாமல் நின்றுவிடுகிறது. விண்டோஸின் ஒரு ஃபைலும் கெடவில்லை. போட்டோக்கள், புராஜெக்ட், மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற சொல்லோடு கொடுத்தால் முதல் செக்டார் திருத்தி எழுதப்பட்டு, லேப்டாப் சில நிமிடங்களில் எழுந்துவிடும். ஆனால் சர்வீஸ் கடையில் காதில் விழுவது, “ஹார்டு டிஸ்க் அடி வாங்கிருச்சு, ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போடணும்” என்பது. ஐந்து நிமிட வேலைக்குக் கூலி கேட்க முடியாது, ஃபார்மட்டுக்குக் கேட்கலாம். சேர்த்து வைத்ததெல்லாம் அத்தோடு போய்விடும். “லினக்ஸ் இருந்தாலே மெஷின் கெட்டுடும்” என்ற பேச்சு மட்டும் ஊரில் தங்கிவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கெட்டது டிஸ்க்கும் இல்லை, கெடுத்தது லினக்ஸும் இல்லை. முதல் செக்டாரில் இருந்த சில நூறு பைட்டைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

கவனமாக இருந்தால் போதாதா, எதற்கு இரட்டை பூட்டையே ஒதுக்க வேண்டும் என்று கேட்கலாம். கவனம் உங்கள் கையில் மட்டும் இருந்தால் போதும்தான். ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினால், பழைய பயாஸ் முறையில் அது கேட்காமலே முதல் செக்டாரில் தன்னை எழுதிக்கொள்ளும். புதிய யூஇஎஃப்ஐ முறையில் பூட் வரிசையில் தன்னை முதலில் நிறுத்திக்கொள்ளும். இதைவிட வலுவான சாட்சி 2024 ஆகஸ்டில் கிடைத்தது. அந்த மாதம் 13-ம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியலைக் கம்ப்யூட்டரின் ஃபர்ம்வேரில் எழுதியது. இரட்டை பூட் உள்ள கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், அவற்றில் பலவற்றில் லினக்ஸ் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று சொல்லிவிட்டு எழும்ப மறுத்தது. அதை முறையாகச் சரிசெய்யும் அப்டேட் வர 2025 மே மாதம் ஆயிற்று. அந்தக் கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்டேட் போட்டார்கள், அவ்வளவுதான். கவனம் இருந்தால் போதும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே என் வழி இது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி ஒட்டி, எடுத்து வைத்துவிடுங்கள். அதன் இடத்தில் சின்ன சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுங்கள். இயந்திரத்துக்குள் ஒரே ஒரு டிஸ்க் இருக்கும்போது மட்டும் லினக்ஸை நிறுவுங்கள். ‘பூட்லோடரை எங்கே எழுதட்டும்?’ என்று நிறுவி கேட்கும்போது தவறான பதில் என்று ஒன்று அங்கே இருக்காது. வெளி டிஸ்க்கில் நிறுவினால் போதுமே, எதற்குக் கழற்ற வேண்டும் என்பவர்களுக்கு: உபுண்டுவும் மின்ட்டும் பல ஆண்டுகள் பயன்படுத்திய யுபிக்விட்டி நிறுவியில், யூஇஎஃப்ஐ முறையில் நீங்கள் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் பூட்லோடர் முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கே போய்விடும் பிழை ஒன்று இருந்தது. திரையில் நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒன்று, எழுதப்பட்டது வேறொன்று. வெளி டிஸ்க்கைப் பிடுங்கியதும் உள்ளே இருந்த விண்டோஸும் முரண்டு பிடித்தது அதனால்தான். ஸ்குரூ டிரைவர் ஒன்று இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. எஸ்எஸ்டிக்குக் கொடுத்த காசு வீண் என்று ஒருபோதும் தோன்றாது. இந்த லேப்டாப்புகள் மந்தமாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் சுழலும் டிஸ்க்தான்.

மற்ற படிகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. ரூஃபஸ் கொண்டு பென் டிரைவ் தயாரியுங்கள், எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், ராம் 2 ஜிபி என்றால் 4 ஆக்குங்கள். நான் டெபியனைத்தான் போடுவேன். பாஸின் அடிப்படையும் அதுவே. 64 பிட் பிராசஸர் என்றால் டெபியன் 13, சுத்த 32 பிட் என்றால் 12-தான் கடைசி, ஏனென்றால் 13-ல் 32 பிட் நிறுவி கிடையாது. வைஃபை பிராட்காம் சிப் என்றால் நிறுவும்போது வேலை செய்யாமல் போகலாம்; மொபைலை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்திருக்கும், ஆகவே கரண்ட் போனால் நிறுவல் பாதியில் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் உங்கள் ஃபீடரை நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஒற்றை டிஸ்க்கிலும் ஒரு சிக்கல் மிஞ்சும். அங்கேதான் ‘ஆதரவு இல்லாத ஹார்டுவேர்’ என்பதன் உண்மையான அர்த்தம் புரியும். பென் டிரைவ் பயாஸ் முறையில் எழுந்ததா, யூஇஎஃப்ஐ முறையில் எழுந்ததா என்பதைப் பொறுத்தே நிறுவி எந்த வகை பூட்லோடரை எழுதுவது என்று முடிவு செய்கிறது. எஃப்12 பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், இரண்டும் ஒன்றல்ல. எழுந்த பிறகு சிஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒன்று இருந்தால் நீங்கள் யூஇஎஃப்ஐயில் இருக்கிறீர்கள். அடுத்தது, யூஇஎஃப்ஐயில் சரியாக நிறுவியும் சில லேப்டாப் எழும்பாது. காரணம், க்ரப் தன் பெயரை மதர்போர்டின் நினைவில் பதிந்தாலும் சில ஃபர்ம்வேர்கள் அதை மதிப்பதில்லை. விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கும் பாதையையோ, பென் டிரைவ்களுக்கான பொதுப் பாதையையோ மட்டுமே பார்க்கின்றன. ஹெச்பி லேப்டாப்புகள் சிலவற்றில் இது தெரிந்த விஷயம். ஏசர் மாடல்கள் சிலவற்றில் செட்டப்புக்குள் போய் முதலில் ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான், இந்த பூட்லோடர் நம்பகமானது என்று குறிக்கும் வசதியே திறக்கும். டெபியன் நிறுவியின் எக்ஸ்பர்ட் முறையில், க்ரப்பை அந்தப் பொதுப் பாதையிலும் கட்டாயமாக எழுதட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஒரே ஓஎஸ் உள்ள டிஸ்க்கில் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லலாம். இரட்டை பூட்டில் அப்படிச் சொன்னால், ஏற்கெனவே அந்தப் பாதையில் இருப்பதன் மேல் எழுதிவிடும் ஆபத்து உண்டு. இங்கேயும் என் வாதமே நிற்கிறது.

2016-ல் 9,999 ரூபாய்க்கு வந்த ஐபால் காம்ப்புக் போன்றவை தனி ரகம். அதில் இருப்பது இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. இந்த பிராசஸர் 64 பிட், ஆனால் இதைக் கொண்ட கருவிகள் பெரும்பாலும் 32 பிட் யூஇஎஃப்ஐயோடு வந்தன. சாதாரண 64 பிட் பென் டிரைவ் பூட் மெனுவில் தலையே காட்டாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றி வாங்குவது வீண். 32 பிட் இஎஃப்ஐ பூட்லோடரும் உள்ள லினக்ஸ் பிரதி வேண்டும். டிஸ்க்கும் மதர்போர்டோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. அதில் விண்டோஸை முழுக்க அழித்துவிடுவதே மேல், 32 ஜிபியை இரண்டாகப் பிரித்தால் எதற்கும் உதவாது.

டிபிஎம் சோதனையை ரூஃபஸ் கொண்டு நீக்கிவிட்டு விண்டோஸ் 11-ஐயே போட்டுத் தருகிறோம் என்று பலர் கிளம்பியிருக்கிறார்கள். ஏறும், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் இதே குறுக்கு வழியில்தான் ஏற்ற வேண்டும். 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசஸரிலேயே இருந்தாக வேண்டும். கோர் 2 டுயோவில் அது இல்லை, எந்த ரூஃபஸும் அதைக் கொண்டுவர முடியாது. கூலி வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுப்பவர் அடுத்த ஆண்டு உங்கள் ஆபீஸுக்கு வந்து உட்காரப் போவதில்லை. சர்வீஸ் ஆள் கிடைக்காது என்று லினக்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை. கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பாடமும் தேர்வும் லினக்ஸில்தான் நடக்கின்றன. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது.

டாலி கணக்கு மென்பொருள் ஓடாதே என்ற ஆட்சேபம் மட்டும் உண்மையானது. டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்கும் இதே நிலைதான். அந்த ஒரு கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். நெட் வயரைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10-லேயே ஓடட்டும், பேக்கப் மட்டும் தவறாமல் எடுங்கள். ஜிஎஸ்டி, வங்கி, மெயில் போன்றவை பக்கத்து லினக்ஸ் கம்ப்யூட்டரின் பிரவுசரில் நடக்கட்டும். ஒரே இயந்திரத்தை இரண்டாகப் பிளப்பதைவிட, இருக்கும் இரண்டு பழைய இயந்திரங்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுப்பது எவ்வளவோ நல்லது. பிரிண்டரையும் முன்கூட்டியே பாருங்கள். லாரி ரசீது அடிக்கும் எப்சன் டாட் மேட்ரிக்ஸ் லினக்ஸில் சிரமம் தராது. ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும். ஹெச்பியின் பிளக்இன்னைப் போட்டுவிட்டால் அது தானாக நடக்கும். நம் ஊர் ஆபீஸ்களில் எங்கும் காணும் கேனன் எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற தனிமொழி. கேனனின் பழைய லினக்ஸ் டிரைவர் 32 பிட் கோப்புகளை எதிர்பார்க்கும், புதிய டெபியனில் அதை ஓட வைப்பது பெரும்பாடு. அந்த பிரிண்டரை டாலி கம்ப்யூட்டரோடு விட்டுவிடுங்கள்.