கிழங்கும் பூஞ்சையும் ஸ்டீராய்டு மாத்திரையும்

முடக்குவாதத்திற்கு ஸ்டீராய்டு உட்கொள்வோர் பலர், "இதற்குப் பதில் மூலிகை இல்லையா?" என வினவுகின்றனர். அம்மருந்தின் வரலாற்றிலேயே ஒரு தாவரம் உண்டு.

இன்றைய பிரெட்னிசோலோனுக்கு மூத்தது கார்ட்டிசோன். முடக்குவாதத்தை அது தணிப்பது 1949இல் வெளியானபோது, மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதனை ஆக்க வேண்டியிருந்தது, கிடைத்ததோ சொற்பம். இதற்கு முன்பே, மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினைப் பிரித்தெடுத்துப் புரொஜெஸ்டிரோனாக மாற்றியிருந்தார் ரசல் மார்க்கர். அதைக் கார்ட்டிசோனாக்க, மூலக்கூறின் 11ஆம் கரியணுவில் ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். வேதியியலர் திணறிய அவ்வேலையை ஒரே படியில் முடித்தது, பழைய ரொட்டியில் படரும் ரைசோபஸ் பூஞ்சை இனம்! அமெரிக்காவின் அப்ஜான் நிறுவன ஆய்வாளர்கள் பீட்டர்சனும் மர்ரேயும் 1952இல் இதனை அறிவித்தனர். மருந்தின் விலை வெகுவாகச் சரிந்தது.

டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்றும் நொதி மனித உடலில் இல்லை. எனவே கிழங்கை எவ்வளவு உண்டாலும் அது ஸ்டீராய்டாகாது. சூரணத்திற்கு மாற விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் கூறுங்கள். பல வாரங்கள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடலின் சொந்தச் சுரப்பு மீளாத நிலையில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவர் எழுதித் தருவார்.